பட்டறையில் அதிர்ந்த பெட்டி மைதானத்தில் ஊமையானால்: வீட்டில் செய்த ஹார்ன் ஒலிபெருக்கிக்குப் பிழை நீக்கும் வழிமுறை

பட்டறையின் கூரைத் தகரம் கிடுகிடுக்கப் பாடிய பெட்டி அது. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் வந்து, டம்ளர்கள் தாமாகவே நகர்கின்றன என்று முறையிட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து அதை ஒரு கோயில் கொடை விழாவுக்குக் கொண்டுபோய்த் திறந்த வெளியில் வைத்தோம். வில்லுப்பாட்டுக் குழுவின் குடம் ‘தொம்’ என்று விழ வேண்டிய இடத்தில், காய்ந்த பலகையைத் தட்டியதுபோல ‘டப் டப்’ என்றது. பதற்றத்தில் ஈக்குவலைசரில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, முழுக்க ஏற்றினேன். இரவு பதினொன்றுக்குள் ஸ்பீக்கரின் காயில் என்ற கம்பிச்சுருள் கருகி மணந்தது. பெட்டியில் ஒரு கோளாறும் இருக்கவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

ஹார்ன் பெட்டி செய்பவர் வரைபடம் போடும்போதே ஒரு பேரத்துக்கு ஒப்புக்கொள்கிறார். பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம் வர வேண்டும். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கிக்காரர்கள் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். ஆகவே, ஒரு குறை கண்ணில் பட்டால் முதலில் கேட்க வேண்டியது: இது செய்நேர்த்தியில் வந்த பிழையா, பேரத்தில் நாம் விட்டுக்கொடுத்ததா? முதலாவதைப் பசையும் திருகாணியும் சரிசெய்யும். இரண்டாவதை ஈக்குவலைசரால் சரிசெய்யப் போனால் காயில்தான் போகும்.

கீழே வரும் கணக்குகள் என் பெட்டியை வைத்துப் போட்டவை. 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று. அதன் கோனின் (காற்றைத் தள்ளும் காகிதக் கூம்பின்) பரப்பு சுமார் 855 சதுர சென்டிமீட்டர். ஹார்னின் தொண்டை, அதாவது பாதை தொடங்கும் குறுகிய முனை, 350 சதுர சென்டிமீட்டர். 50 ஹெர்ட்ஸுக்கு வகுத்த அடுக்குக்குறி விரிவு. அதாவது ஒவ்வொரு 38 சென்டிமீட்டருக்கும் பாதையின் பரப்பு இரட்டிப்பாகும். மடித்து வைத்த பாதையின் நீளம் 1.6 மீட்டர். வாய், அதாவது ஒலி வெளியேறும் அகன்ற முனை, 0.65 சதுர மீட்டர். பெட்டியின் முன்முகம் முழுவதும் வாய்தான். வெளியளவு நான்கடி உயரம், இரண்டடி அகலம், இரண்டரை அடி ஆழம். 18 மில்லிமீட்டர் பிளைவுட். உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்கள் மாறும், காரணங்கள் மாறா.

சோதிக்க அதிகக் கருவிகள் வேண்டாம். ஒற்றை அதிர்வெண் ஒலியைக் கூட்டிக் குறைத்து எழுப்பும் செயலி உள்ள கைபேசி, மல்டிமீட்டர், டார்ச், அளவு நாடா, ஒரு கட்டு ஊதுபத்தி. ஊதுபத்தி எதற்கு என்பது பின்னால் வருகிறது.

பட்டறையில் பேஸ் உண்டு, மைதானத்தில் இல்லை

பெரும்பாலோர் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான். காரணம் ஹார்னின் வாய்.

ஹார்ன் என்பது கோனுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் நிற்கும் தரகன். கோனோ கனமானது, காற்றோ இலேசானது. கோன் வெறும் காற்றைத் தள்ளினால், கையை வெற்றுவெளியில் வீசியதுபோல உழைப்பு வீணாகும். சாதாரணப் பெட்டியில் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரைதான் ஒலியாகிறது; நல்ல ஹார்னில் இருபது, முப்பது வரை போகும். ஆனால் தரகன் வேலை செய்ய வேண்டுமானால் வாய் போதுமான அளவு பெரிதாக இருக்க வேண்டும். தரையில் வைத்த பெட்டிக்கு, அலைநீளத்தின் வர்க்கத்தை 25ஆல் வகுத்தால் வேண்டிய வாய்ப்பரப்பு கிடைக்கும். 50 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 6.9 மீட்டர். கணக்குப் போட்டால் 1.9 சதுர மீட்டர் வாய் வேண்டும். அது ஒரு சிறிய கதவின் அளவு. என் பெட்டியில் இருப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்கு.

கணக்கைத் திருப்பிப் போட்டால் உண்மை முகத்தில் அறையும். திறந்த தரையில் தனியாக நிற்கும் என் பெட்டி 85 ஹெர்ட்ஸ் வரைதான் உண்மையான ஹார்ன். அதற்குக் கீழே, பெரிய செலவில் செய்த சிக்கலான மரப்பெட்டி, அவ்வளவே. அப்படியானால் பட்டறையில் எப்படி அதிர்ந்தது? அங்கே அது மூலையில் நின்றது. தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து வாயின் தொடர்ச்சியாகிவிடும். அப்போது அதே 0.65 சதுர மீட்டர் 43 ஹெர்ட்ஸ் வரை போதுமானது. பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1941இல் அறிவித்த மூலை ஹார்னின் சூட்சுமமே இதுதான். பெரிய வாயை மரத்தில் செய்யாமல், வீட்டுச் சுவர்களிடமிருந்து கடன் வாங்கினார். மைதானத்தில் கடன் கொடுக்க யாரும் இல்லை.

தீர்வு பெட்டிக்குள் இல்லை, வைக்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டு பெட்டிகளை வாயோடு வாய் ஒட்டி வைத்தால் எல்லை 60 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். மூன்றை ஒட்டினால் 49. ஒரே பெட்டிதான் இருக்கிறதென்றால், பக்கவாட்டில் ஒரு மதில்சுவரை ஒட்டி, வாய் சுவரின் ஓரத்தில் வரும்படி நிறுத்துங்கள். அதுவும் இரண்டு பெட்டிக்குச் சமமான பலனைத் தரும். முதுகைச் சுவரில் சாய்ப்பது அவ்வளவு பலன் தராது. வாய் சுவரிலிருந்து இரண்டரை அடி விலகிவிடுகிறது.

இதில் ஒரு சண்டை வரும், தயாராக இருங்கள். மேடைக்கு இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று பெட்டிகள் துவாரபாலகர்களைப்போல் நிற்க வேண்டும் என்பார்கள் விழாக் குழுவினர். எட்டு மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு வாய்கள் ஒரே வாயாகச் சேரா. அதோடு கூட்டத்துக்குள் நடந்துபோனால் ஓரிடத்தில் பேஸ் மார்பில் அறையும், நாலு தப்படி தள்ளி ஆவியாகிவிடும். மேடைக்கு முன்னால் நடுவில், தரையோடு எல்லாவற்றையும் சேர்த்து அடுக்க அனுமதி வாங்குங்கள். ஒரு துணியைப் போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

ஈக்குவலைசரில் கை வைக்கும் முன் ஒரு கணக்கு: பேஸை 12 டெசிபல் ஏற்றினால் ஆம்பிளிஃபையர் 16 மடங்கு வாட் கொடுக்க வேண்டும். ஹார்ன் தாங்காத அதிர்வெண்ணில், ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது (அதிர்வெண் பாதியாகும்போது) அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் முன்பின் ஓட வேண்டும். அன்று என் காயில் கருகியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஒரு சுரம் முழங்குகிறது, அடுத்த சுரம் காணோம்

இதுவும் சிறிய வாயின் வேலைதான். வெளியேற முடியாத அலை வாயில் மோதித் தொண்டைக்குத் திரும்புகிறது. சில அதிர்வெண்களில் சேர்ந்து பெருகுகிறது, சிலவற்றில் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. கைபேசியில் 40 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே பத்து மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். பெட்டிகளைச் சேர்த்து வைத்தவுடன் மேடுகள் தாழ்ந்தால் பேரத்தின் விளைவு. தாழாவிட்டால் ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் மூடிய பின் அறையில் கசிவு தேடுங்கள். மேளத்துக்கு மட்டுமே பெட்டி போகிறதென்றால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பேஸ் கிதார் வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

குறிப்பிட்ட ஓசைக்கு மட்டும் கரகரப்பு

எனக்குப் பிடித்த கோளாறு இது. ஏனென்றால் இது நிச்சயமாகச் செய்கோளாறு, நிச்சயமாகப் பிடிபடும்.

ஒலியளவைக் குறைவாக வைத்து, கைபேசியில் 30 ஹெர்ட்ஸிலிருந்து ஏற்றுங்கள். கரகரப்பு எந்த எண்ணில் உச்சத்துக்கு வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். இப்போது பெட்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தியவுடன் சத்தம் நின்றால் அந்தப் பலகையோ அதன் மூட்டோதான் குற்றவாளி. தொண்டையை ஒட்டிய பலகைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; காற்றழுத்தம் அங்கேதான் மிக அதிகம். இரண்டடிக்கு இரண்டடி பலகை, 18 மில்லிமீட்டராகவே இருந்தாலும், குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் முரசுத் தோல்போல ஆடும். இரண்டு அங்குலச் சட்டம் ஒன்றைச் செங்குத்தாக ஒட்டித் திருகுங்கள். சரியாக நடுவில் வேண்டாம்; கொஞ்சம் ஒதுக்கி வைத்தால், இரு பக்கமும் ஒரே அதிர்வெண்ணில் ஆடாது.

அழுத்தியும் நிற்காவிட்டால் ஊதுபத்தியை ஏற்றுங்கள். பின் அறையின் மூடி, மின்கம்பி நுழையும் ஓட்டை, பின்பக்க இணைப்புத் தட்டு, மூட்டுகள் என்று ஒவ்வொன்றின் அருகிலும் அசையாமல் பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. காற்றுப் புகாத மூட்டருகே புகை நூல்போல நேராக ஏறும். கசியும் இடத்துக்கு வந்ததும் அது துடிக்கும். 40 ஹெர்ட்ஸில் நூல் கலைந்து பஞ்சாகிவிடும். என் முதல் பெட்டியில் எல்லா மூட்டும் சுத்தமாக இருந்தது. புகை துடித்தது இணைப்புத் தட்டின் நான்கு திருகாணிகளில் ஒன்றின் தலையருகே. பலகையைத் துளைத்த திருகாணி பிடிமானம் இழந்து சுழன்றுகொண்டிருந்தது. ஒரு தீக்குச்சியும் ஒரு சொட்டு மரப்பசையும் போதுமாக இருந்தன. மூடிக்கு நுரைப்பட்டை ஒட்டிப் போல்ட்டால் இறுக்குங்கள். அடிக்கடி கழற்றும் இடத்தில் மரத்திருகாணி நிலைக்காது; பலகையின் உட்புறம், போல்ட் பிடிக்கும் மரையுள்ள டி-நட் அடித்துவிடுங்கள்.

கசிவும் இல்லை, பலகையும் ஆடவில்லை என்றால் வாய்க்குள் டார்ச் அடியுங்கள். மடிப்புப் பாதையில் ஒட்டும்போது வழிந்து காய்ந்த பசை நாக்கு, விழுந்து தங்கிவிட்ட திருகாணி, மழைக்காலம் முழுக்கக் கிடங்கில் கிடந்த பெட்டியென்றால் எலிக்கூடு. மூன்றையும் பார்த்திருக்கிறேன். வாய்க்கு வலை போடாமல் பெட்டியை வெளியே விடாதீர்கள் என்று சொல்வதற்கு எலி ஒரு காரணம். வாய்க்குள் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போகும் மனிதர்கள் இன்னொரு காரணம்.

கடைசியாகக் காயில். ஆம்பிளிஃபையரை அணைத்து, கம்பியைக் கழற்றி, பின் அறையைத் திறந்து, ஸ்பீக்கரை வெளியே எடுங்கள். விரல்களைக் கோனின் விளிம்பில் சமமாகப் பரப்பி மெதுவாக அமுக்குங்கள். பட்டுபோல இறங்க வேண்டும். மணல் உரசுவதுபோல் இருந்தால் காயில் உருக்குலைந்துவிட்டது. பெட்டியில் தேடுவதை நிறுத்திவிடலாம்.

தனித்தனியாக இரண்டும் நன்றாக இருக்கின்றன, சேர்ந்தால் நடுவில் பள்ளம்

பேஸ் பெட்டியை மட்டும் ஒலிக்கவிட்டால் திருப்தி. குரலுக்கும் மேல் ஒலிகளுக்கும் வைத்த மேல் பெட்டியை மட்டும் ஒலிக்கவிட்டாலும் திருப்தி. இரண்டையும் சேர்த்தால் மேளத்தின் உடம்பு காணாமல் போய்விடுகிறது, ஆண்குரல் மெலிகிறது.

ஒலிக்கு ஒரு விநாடியில் 344 மீட்டர்தான் ஓடத் தெரியும். பேஸ் பெட்டியின் கோனிலிருந்து வாய்க்கு 1.6 மீட்டர் சுருட்டிய பாதை. மேல் பெட்டியின் ஹார்னோ ஓர் அடி ஆழம்தான். இரண்டின் வாயும் ஒரே கோட்டில் நின்றாலும், பேஸ் 1.3 மீட்டர் பின்னால் வருகிறது. நேரத்தில் சொன்னால் 3.8 மில்லி விநாடி. அற்பம் என்று தோன்றும். ஆனால் சிக்னலைப் பேஸ் பெட்டிக்கும் மேல் பெட்டிக்கும் பிரித்துக்கொடுக்கும் கிராஸ்ஓவர் 150 ஹெர்ட்ஸில் இருந்தால், அங்கே ஓர் அலை முழுச் சுற்றுச் சுற்ற 6.7 மில்லி விநாடி ஆகும். ஆகவே பேஸ் அரைச் சுற்றுக்கும் சற்று அதிகமாகப் பிந்துகிறது. ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கிறது. இருவர் சேர்ந்து ஊஞ்சலைக் கெடுப்பதுபோல.

கையில் டிஜிட்டல் கிராஸ்ஓவர் இருந்தால், மேல் பெட்டிக்கு 3.8 மில்லி விநாடி தாமதம் கொடுங்கள். பிறகு 150 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு, மேல் பெட்டியின் பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். அப்போது சத்தம் நன்றாகக் குறைய வேண்டும். எந்த அளவுக்குப் பள்ளம் ஆழமாகிறதோ அந்த அளவுக்குத் தாமதம் துல்லியமாக இருக்கிறது என்று பொருள். அரை மில்லி விநாடி முன்பின் நகர்த்திப் பள்ளத்தை மிக ஆழமாக்கி, அதன்பின் பிளஸ் மைனஸைப் பழையபடி திருப்பிவிடுங்கள். உச்சத்தைத் தேடுவதைவிடப் பள்ளத்தைத் தேடுவது காதுக்குச் சுலபம்.

தாமதம் கொடுக்கும் கருவி இல்லாதவர்கள் பேஸ் பெட்டியின் பிளஸ் மைனஸை மாற்றியே இணைத்துப் பாருங்கள். என் அளவுகளில் வித்தியாசம் அரைச் சுற்றுக்கு அருகில் இருப்பதால், திருப்பிப் போட்டதும் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்துவிடுகின்றன. இது கிராஸ்ஓவர் எண்ணில் மட்டும் நடக்கும் சமரசம். ஆனால் கொடைக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது சமரசம் போதும். அதற்கும் முன்னால் ஒரு விஷயம்: பேஸ் பெட்டிகள் தங்களுக்குள் ஒரே துருவத்தில் இருக்கின்றனவா? ஸ்பீக்கரைப் பெட்டியில் பூட்டும் முன், 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுக் கோன் முன்னால் வருவதைக் கண்ணால் பார்த்துக் குறித்துவையுங்கள். பூட்டிய பின் ஹார்னுக்குள் கோன் தெரியாது.

குடத்துக்குள் பேசுவதுபோன்ற குரல்

கிராஸ்ஓவரைக் கீழே இறக்குங்கள். பத்தில் எட்டுத் தடவை இவ்வளவுதான்.

சிலர் மேல் பெட்டியைக் காப்பாற்றுவதற்காகப் பேஸ் ஹார்னை 400, 500 ஹெர்ட்ஸ் வரை ஓட்டுகிறார்கள். மடித்த ஹார்ன் அதற்குப் பிறக்கவில்லை. 30 சென்டிமீட்டர் அகலப் பாதை வளையும் இடத்தில், உள்விளிம்பில் போகும் அலையும் வெளிவிளிம்பில் போகும் அலையும் வெவ்வேறு தூரம் நடக்கின்றன. 100 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3.4 மீட்டர் என்பதால் அதற்கு இது தெரிவதே இல்லை. 300 ஹெர்ட்ஸைத் தாண்டினால் தெரியத் தொடங்கும். ஸ்பீக்கருக்கும் ஒரு மேல் எல்லை உண்டு: அதன் தனி அதிர்வெண்ணை (Fs) இரண்டால் பெருக்கி, மின் கியூ (Qes) என்று தரவுத்தாளில் போட்டிருக்கும் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 40 ஹெர்ட்ஸ், 0.3 உள்ள ஸ்பீக்கருக்கு 267 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் கோனின் சொந்த எடையே ஒலியைத் தின்னத் தொடங்கும். காரில் வைக்கும் சப்வூஃபரை ஹார்னில் போட ஆசைப்படுபவர்களுக்காக: 28 ஹெர்ட்ஸ், 0.5 என்றால் கிடைப்பது 112 ஹெர்ட்ஸ். கனத்த கோன், அதற்கு ஈடுகொடுக்காத காந்தம். அது வேறு வேலைக்குச் செய்த கருவி. ஹார்னில் அதன் பெயர் கெடும்.

கோனுக்கும் தொண்டைக்கும் நடுவில் இருக்கும் காலியிடமும் மேல் ஒலிகளை விழுங்கும். என் அளவுத் தொண்டைக்கு அந்த முன் அறை மூன்று லிட்டராக இருந்தால் எல்லை 640 ஹெர்ட்ஸ் சுற்றில் வரும். ஆறு லிட்டரானால் பாதியாகும். பேஸ் மட்டுமே வேண்டும் என்றால் அது வரமும்கூட: கரகரக்கும் மேல் ஓசைகளைத் தானாகவே வடிகட்டிவிடும்.

150 ஹெர்ட்ஸுக்குப் பேஸை இறக்கினால் மேல் பெட்டி அதுவரை இறங்கி வர வேண்டுமே என்று கேட்பீர்கள். ஆமாம். 12 அங்குல ஸ்பீக்கரும், உச்ச ஒலிகளை எழுப்பும் ஒரு டிரைவர் யூனிட்டும் கொண்ட மேல் பெட்டி இல்லாமல், வெறும் யூனிட்டையும் பேஸ் ஹார்னையும் மட்டும் வைத்து ஒப்பேற்ற முடியாது. செலவு அங்கேதான் கூடுகிறது.

கோன் கிழிகிறது, காயில் கருகுகிறது

இரண்டும் வேறு வேறு மரணங்கள். எதில் போயிற்று என்று பார்த்த பிறகே அடுத்த ஸ்பீக்கரை வாங்குங்கள். மல்டிமீட்டரை வையுங்கள்: 8 ஓம் ஸ்பீக்கர் ஐந்தரை முதல் ஆறரை ஓம் வரை காட்டினால் காயில் உயிரோடிருக்கிறது, எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது.

காயில் உயிரோடு, கோன் மட்டும் கழுத்தருகே கிழிந்திருந்தால் தொண்டையைச் சந்தேகியுங்கள். கோன் பரப்பைத் தொண்டைப் பரப்பால் வகுத்தால் வருவது அழுத்த விகிதம். என் பெட்டியில் 2.4. தொண்டையைக் குறுக்கினால் ஹார்ன் இறுக்கமாகப் பிடிக்கும், மேல் ஒலிகள் கொஞ்சம் கூடும். ஆனால் அந்த அழுத்தம் முழுவதும் காகிதத்தின்மேல் விழுகிறது. மூன்றைத் தாண்டினால், ஹார்னுக்கென்றே கடினமாகச் செய்த கோன் வேண்டும். சாதாரணக் கோனை வைத்துக்கொண்டு நாலுக்கு ஒன்று என்று போனவர்கள் ஆண்டுக்கு இரண்டு தடவை கோன் மாற்றும் கடைக்குப் போகிறார்கள். இருக்கும் பெட்டியில் தொண்டையை அகலமாக்க, முன்பலகையின் ஓட்டையை ரம்பத்தால் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் விரிப்பதே போதும். விரிவுக் கோடு சற்றுக் கெடும், காதுக்குத் தெரியாது.

கோன் விளிம்பில் கிழிந்திருந்தால், அல்லது காயில் சுற்றிய குழல் அடியில் மோதி நசுங்கியிருந்தால், 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சிக்னல் போயிருக்கிறது. ஹார்ன் தன் எல்லைக்கு மேலேதான் கோனைப் பிடித்துக்கொள்ளும். எல்லைக்குக் கீழே கையை விட்டுவிடும். கோன் கட்டறுத்த கன்றாகத் துள்ளும். மைக் கீழே விழும் ‘தொப்’ ஓசை ஒன்று போதும். கிராஸ்ஓவரில் 45 அல்லது 50 ஹெர்ட்ஸில், ஸ்தாயிக்கு 24 டெசிபல் சரிவுள்ள கீழ்வெட்டு (அதற்குக் கீழுள்ள ஒலிகளைத் தடுக்கும் வடிகட்டி) கட்டாயம் வேண்டும். பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் அடிநாதத்தை இந்தப் பெட்டி தராது. பேரத்தில் அதை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

கீழ்வெட்டு வைத்தும் கோன் அளவுக்கு மீறி ஓடினால், பின் அறை பெரிதாக இருக்கலாம். அடைத்து வைத்த காற்றுதான் கோனுக்குப் பின்பக்க ஸ்பிரிங். தொண்டைப் பரப்பை 1.1 மீட்டரால் பெருக்கினால் 50 ஹெர்ட்ஸ் ஹார்னுக்கு 38 லிட்டர் வரும். ஸ்பீக்கருக்குச் சொந்தமாகவும் விறைப்பு இருப்பதால் அறை இதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வேண்டும். நான் 48 வைத்தேன். எது சரி என்று கண்டுபிடிக்கப் பலகை வெட்டத் தேவையில்லை. லிட்டர் பாட்டில்களில் மணலை நிரப்பி, துணி சுற்றி, அறைக்குள் இரண்டிரண்டாக அடுக்கிப் பாருங்கள். கோன் ஓட்டம் அடங்கி, பேஸ் குறையத் தொடங்குவதற்கு முந்தைய எண்ணிக்கைதான் உங்கள் அளவு. பிறகு அதே கனஅளவுக்கு மரக்கட்டைகளை ஒட்டிவிடலாம்.

காயில் கருகியதென்றால் சூடு. மூடிய பின் அறையில் காற்றோட்டம் கிடையாது. காந்தம் தன் சூட்டிலேயே வேகிறது. ஹார்ன் கொடுக்கும் சத்தத்துக்கு 200 வாட்டே தாராளம் என்பதை மறந்து, ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் எண் வரை ஏற்றுபவர்களுக்கு இது நடக்கும். ஆம்பிளிஃபையரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், அது அலங்காரத்துக்கு அல்ல. பெட்டி போதவில்லை என்றால் இன்னொரு பெட்டி கொண்டுவர வேண்டும், வாயும் பெரிதாகும்.

முன்வரிசைக்குக் காதுவலி, கடைசி வரிசைக்கு வார்த்தை புரியவில்லை

தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டரில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் 32 மீட்டரில் நிற்பவருக்கும் வித்தியாசம் 18 டெசிபல். மேல் பெட்டியைத் தலை உயரத்தில் வைத்தால் இதைத் தவிர்க்கவே முடியாது. தாங்கியில் உயர்த்தி, கடைசி வரிசையைப் பார்த்துச் சாய்த்துவிடுங்கள். முன்வரிசை ஹார்னின் ஓரத்தில் மாட்டும், அங்கே சத்தம் தானாகக் குறையும். பெட்டியின் முன்முகத்தில் கண்ணை வைத்துப் பார்த்து, கடைசி வரிசைத் தலைகள் நேர்கோட்டில் தெரிகின்றனவா என்று சரிபார்த்தால் போதும்.

ஹார்ன் எவ்வளவு அகலமாக வீச வேண்டும் என்பதும் பேரம்தான். 90 பாகை ஹார்ன் அகலமான திடலை நிரப்பும், தூரம் போகாது. 60 பாகை நீளமான தெருவுக்குப் பொருந்தும். திடலுக்கு 60 பாகையை வைத்துவிட்டு ஓரத்தில் கேட்கவில்லை என்றால் அது ஹார்னின் குற்றமில்லை. மேல் அதிர்வெண்கள் மங்கலாக இருந்தால், எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அகலத்தில் வீசும் நவீனச் சம வீச்சு ஹார்னில் அது இயல்பு: யூனிட்டின் டயஃப்ரம் (அதிரும் மெல்லிய தகடு) எடையால் மூன்று, நான்கு கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் சரிவு இருக்கும்; பழைய ஹார்ன்கள் கற்றையைக் குறுக்கி அதை மறைத்தன. இங்கே மட்டும் ஈக்குவலைசரில் தாராளமாக ஏற்றலாம். மேல் ஒலிகளுக்குச் செலவாகும் வாட் குறைவு.

‘ஸ்’ எழுத்துக்கு மட்டும் எச்சில் தெறிப்பதுபோல் கேட்டால் டயஃப்ரம் விரிசல் அல்லது மையம் விலகல். மாற்றிய பின் மறுபடி போனால், கிராஸ்ஓவர் அந்த யூனிட்டுக்கு மிகத் தாழ்வு. ஓர் அங்குல யூனிட்டை 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்காதீர்கள். தனி ஆம்பிளிஃபையரில் ஓட்டும்போது, வரிசையில் 27 மைக்ரோ ஃபாரட் துருவமில்லாக் கெப்பாசிட்டர் ஒன்று போட்டுவிடுங்கள். 8 ஓமுக்கு அது 740 ஹெர்ட்ஸில் வெட்டும். யாராவது பேஸ் கம்பியை மாற்றிச் செருகினாலும் டயஃப்ரம் பிழைக்க வாய்ப்பிருக்கிறது. செருகுவார்கள்.

இடைவிடாத ‘ம்ம்ம்’

பெட்டியைத் திறக்காதீர்கள். மிக்ஸரும் ஆம்பிளிஃபையரும் வெவ்வேறு இடத்தில் மின்சாரம் எடுத்தால் வரும் தரைச்சுற்று (எர்த் லூப்) இது. இரண்டையும் ஒரே பிளக் பலகையில் செருகினாலே பெரும்பாலும் அடங்கும். பிளக்கில் எர்த் இணைப்பான மூன்றாவது முள்ளை ஒடித்துப்போடும் வித்தையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஈரத் தரை, இரும்பு மைக், வெறுங்கால் பாடகர்.

இரவு பத்துக்கு மேல் அடுத்த ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள்

ஹார்ன் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக ஒலிபெருக்கி கூடாது. வாய்கள் ஊரை நோக்கி இல்லாமல் திடலை நோக்கி இருந்தால் மேல் ஒலிகள் அடங்கும்; பேஸ் எங்கும் போகும், அதைத் திருப்ப முடியாது.

பெட்டியைத் தூக்க ஆள் வர மறுக்கிறார்கள்

எட்டுக்கு நான்கடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். என் பெட்டிக்கு இரண்டரைப் பலகை பிடித்தது. ஸ்பீக்கரையும் சேர்த்தால் 90 கிலோவை ஒட்டி வரும். இரண்டாவது பெட்டியில் வாய்ப்பக்கத்துப் பலகைகளை 12 மில்லிமீட்டராக்கி, குறுக்குச் சட்டங்களைக் கூட்டினேன். தொண்டையையும் பின் அறையையும் 18இலேயே விட்டேன். கேட்டு வித்தியாசம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. தூக்குபவர்களால் முடிந்தது. பின்பக்கத்தில் நான்கு சக்கரமும் பக்கத்துக்கு இரண்டு கைப்பிடியும் வைத்துவிடுங்கள். கைப்பிடிக்குக் குடையும் ஓட்டை பின் அறைக்குள் திறந்துவிடாமல், குடைவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்ததும் ஊதுபத்திதான்.